வேலையை விட்டுவிட்டு எழுத வரலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது இருபத்தொன்பது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகைக்கடன் பிரிவில் வேலை. மூன்று வருடமாகக் கதை எழுதுகிறார், நான்கு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. நான்காவது கதையையும் அனுப்பிவைத்து, "எழுத்தாளராக இருப்பதில் சந்தோஷம் எது, கஷ்டம் எது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத வரலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

வேலையை விட வேண்டாம். கடைசிவரை இழுத்துக்கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய விஷயமில்லை இது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் சந்தோஷத்தைப் பற்றிப் பேச வேண்டும். கஷ்டத்தைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தபால் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்துத் துணை அஞ்சலகங்களில். வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கவுன்டர் கூட்டம் வடிந்ததும் வாசல் திண்ணையில் இரண்டு மூன்று பாட்டிமார் வந்து உட்காருவார்கள். பிள்ளைகள் பம்பாயிலும் சென்னையிலும் பலசரக்குக் கடைகளில் இருந்தார்கள். இவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீல நிற இன்லாண்ட் லெட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு, யாராவது எழுதித் தர மாட்டார்களா என்று காத்திருப்பார்கள். போஸ்ட் மாஸ்டருக்குத் தினக் கணக்கு முடிக்கிற அவசரம். நான் புதுப் பையன். அந்த வேலை என்னிடம் வந்தது.

ஒரு பாட்டியை மறக்கவே முடியாது. முந்தின இரவு பேய்மழை. அவர் வந்து உட்கார்ந்து, "மழை நல்லாப் பேஞ்சிருக்குன்னு எழுதுங்க தம்பி. கூரை ஒழுகுதுன்னு எழுதிராதீக. அவன் கடன கிடன வாங்கி அனுப்பிருவான்" என்றார். நான் எழுதினேன். "இங்கே மழை நல்லாப் பேஞ்சுது" என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, "ராத்திரி பூரா முழிச்சித்தான் இருந்தேன்" என்று அடுத்த வரியைப் போட்டேன். அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் கண்கள் சிவந்திருந்தன, சேலை முந்தானையில் சேறு. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ம்... இதத்தான் சொன்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு நாவலும் நான்கு சிறுகதைத் தொகுப்புகளும் எழுதியிருக்கிறேன். இரண்டு பரிசுகள் வந்தன, மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் திண்ணையில் கிடைத்ததற்கு இணையானது எதுவும் அவற்றில் இல்லை. ஒரு மனுஷி தன்னால் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை, அவர் சொல்ல வேண்டாம் என்றதையும் மீறாமல், அவருக்காகச் சொல்லிவிட முடிந்தது. கூரை ஒழுகுவதாக அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. ஆனால் மகன் பம்பாயில் அதை வாசிக்கும்போது அவன் தலையிலும் ரெண்டு சொட்டு விழுந்திருக்கும். எழுத்தின் சந்தோஷம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பழைய மணியார்டர் பாரத்தின் அடியில் செய்தி எழுதுவதற்குச் சின்னதாக ஓர் இடம் விட்டிருப்பார்கள். இரண்டு வரிக்கு மேல் கொள்ளாது. "அம்மாவுக்கு மருந்து வாங்கு, வட்டிக்காரனுக்குக் கொடுக்காதே" என்பதுபோல ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். 2015-ல் அந்த மணியார்டர் நின்றுபோனது. வாக்கியத்தை இறுக்கிக் கட்ட நான் கற்றுக்கொண்டது அந்தப் பாரங்களை வாசித்து வாசித்துத்தான்.

இரண்டாவது சந்தோஷம் சொல் கிடைப்பது. என் முதல் தொகுப்பில் பனையேறி ஒருவரைப் பற்றிய கதை இருந்தது. "கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறினான்" என்று எழுதியிருந்தேன். புத்தகம் வந்து நான்கு மாதம் கழித்து, ஆர்.டி. கட்ட வந்த ஓர் அம்மா, பனையேறியின் மகள், கவுன்டரில் நின்றபடியே சொன்னார்: "சார், அது கயிறு இல்ல, தளைநாரு. எங்கப்பா அதைத் தலைமாட்டுல வச்சுத்தான் படுப்பாரு." பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். பாஸ்புக்கில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். அவருடைய அப்பா உயிரோடு இருந்தார், ஏறுவதை நிறுத்திப் பத்து வருடமாகியிருந்தது. தளைநாரை எடுத்துக் கையில் கொடுத்தார். முருக்குத்தடி, அருவாப்பெட்டி, பாளையை இடுக்குகிற கடிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னபோது அவர் குரல் மாறியதை நான் கேட்டேன். பெயர் தெரியாமலேயே அந்த மனிதரைப் பற்றி நான் ஒரு கதை எழுதி அச்சிலும் ஏற்றியிருந்தேன்.

தளைநார் என்று போட்டதும் கதையில் என்ன மாறும் என்று கேட்கலாம். 'தளை' என்றால் கட்டு, விலங்கு. தினமும் விடியற்காலையில் ஒரு மனிதன் தன் காலில் தானே தளையை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து ஏறுகிறான். இதை நான் யோசித்துக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அந்தத் தொழில் செய்தவர்கள் எப்போதோ யோசித்துச் சொல்லுக்குள் வைத்துவிட்டார்கள். நான் போய் எடுத்துக்கொண்டால் போதும். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு வந்து, உப்பளத் தொழிலாளர்களோடு பழகி, 'கரிப்பு மணிகள்' எழுதினார். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைச் சேர்த்து ஓர் அகராதியே போட்டார். அவர்களுக்கு அது கடமையாக மட்டும் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒரு சரியான சொல் கையில் கிடைக்கிற அன்றைக்குச் சோறு இறங்காது, அவ்வளவு நிறைந்திருக்கும்.

இனி கஷ்டம்.

நேரம்தான் முதல் கஷ்டம். காலை நான்கு மணிக்கு எழுந்து ஆறு மணிவரை எழுதுவேன். ஆறரைக்குப் பால், ஏழுக்குப் பிள்ளைகள், ஒன்பதுக்குக் கவுன்டர். எனக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைத்ததே என் மனைவி அந்த நேரத்தில் எழுந்து அடுப்படியில் சத்தமில்லாமல் நடமாடியதால்தான். அதே இரண்டு மணி நேரம் அவருக்கு வேண்டுமென்றால் யார் சத்தமில்லாமல் நடமாடியிருப்பார்கள்? துவரங்குறிச்சியில் பள்ளிப் படிப்பு பாதியில் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்ட ஒரு பெண், திருமணத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் இரவில் கழிவறைக்குள் நின்றபடி கவிதை எழுதி, சல்மா என்ற புனைபெயரில் அச்சுக்கு அனுப்பினார். இதை நான் வாசித்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு நேரமில்லை என்று என் வாயால் சொல்லத் தயங்குகிறேன். உங்களுக்குத் திருமணமாகிவிட்டதா என்று எழுதவில்லை. ஆகியிருந்தால் வீட்டில் யாருடைய நேரத்தில் எழுதுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். வேலையை விட வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம், கணக்காகவே சொல்கிறேன். புத்தக விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ராயல்டி பத்து சதவீதம். ஒரு பிரதிக்கு 20 ரூபாய். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபிறகு நூறும் இருநூறுமாக அடிக்கிறார்கள். முந்நூறு பிரதி விற்றால் 6,000 ரூபாய். அதை எழுத உங்களுக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கும். பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்குகிற நூலக ஆணை கிடைத்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். நாம் கட்டுகிற சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம், அந்தப் பணத்தில் வாங்கப்படும் புத்தகங்கள் அவை. ஆணை எந்த வருடம் வரும், எந்தப் புத்தகத்துக்கு வரும் என்பதை நம்பி ஒரு குடும்பம் அரிசி வாங்க முடியாது.

புதிய கஷ்டமில்லை இது. 1920-ல் பாரதி தன் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றையும் பத்தாயிரம் பிரதிகள் அச்சிட்டு விற்பதற்குத் திட்டம் போட்டு, கடனாகப் பணம் கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். பணம் சேரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் போய்விட்டார். 1949-ல் அவருடைய எழுத்தின் உரிமையை அரசாங்கமே வாங்கியது. சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கி 1970 வரை 'எழுத்து' பத்திரிகையை நடத்தினார். தான் அச்சிட்ட புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை 1997-ல், எண்பத்தைந்து வயதில், தானே வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-ல், அவர் இறந்து மூன்றாவது வருடம். இந்த மூன்று வருடத்தை என்னால் கடக்கவே முடிவதில்லை. அந்த மனிதர் கையில் அதைக் கொடுத்திருந்தால் என்ன?

புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையிலிருந்து சினிமாவுக்குப் போனது பணத்துக்காகத்தான். சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார், நடக்கவில்லை. படவேலைக்காகப் புனே போன இடத்தில் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30-ம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது நாற்பத்திரண்டு. அவருக்கு மாதச் சம்பளத்தோடு ஒரு சாதாரண வேலையும் இன்னும் இருபது வருடமும் கிடைத்திருந்தால் தமிழுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்து நினைத்து நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு எழுத்தையே நம்பி வாழ்ந்தார். வாழ்க்கை நெருக்கடியாகத்தான் இருந்தது. அந்த நெருக்கடியையும் எழுத்தாக்கத் தெரிந்தவர் அவர். அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்காக எல்லோருக்கும் அது முடியும் என்று என்னால் உங்களிடம் சொல்ல முடியாது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை வைத்திருந்தார், தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார், பூமணி கூட்டுறவுத் துறையில், உங்கள் துறையில்தான், அதிகாரியாக இருந்தார், இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தார். யாருடைய எழுத்தும் வேலையால் மெலிந்துவிடவில்லை. தவிரவும், உங்கள் கவுன்டர் உங்களுக்குப் பாரமா செல்வமா என்பதை யோசியுங்கள். விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து, கைக்குட்டையில் முடிந்த நகையை உங்கள் முன்னால் அவிழ்க்கிற மனிதர்களை வேறு எந்த எழுத்தாளர் தினமும் பார்க்கிறார்? என் திண்ணை எனக்குக் கொடுத்ததைவிட அதிகம் உங்கள் கவுன்டர் உங்களுக்குக் கொடுக்கும்.

பதிப்பகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு நடந்தது. என் இரண்டாவது தொகுப்பை ஒரு பதிப்பகம் போட்டது. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. நம்மாளுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஏழு வருடம் கணக்கே வரவில்லை. கேட்டால், இன்னும் முதல் பதிப்பே தீரவில்லை என்பார்கள். ஆனால் அட்டை மாறிய புதுப் பதிப்பை நான் ஒரு புத்தகக் கண்காட்சியில் காசு கொடுத்து வாங்கினேன். அதைவிட வலித்தது இன்னொன்று. தலைப்புக் கதையின் கடைசி வரியில் "அவள் மனம் மாறவில்லை" என்று நான் எழுதியது "அவள் மணம் மாறவில்லை" என்று அச்சாகியிருந்தது. புரூப் கொடுங்கள், ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று இரண்டு தடவை கேட்டிருந்தேன். ஒரு கதையின் மொத்த எடையும் அந்த வரியில் நிற்கிறது, அந்த வரி ஓர் எழுத்தில் சரிந்துகிடக்கிறது. புதுப் பதிப்பிலும் அப்படியேதான் இருந்தது.

அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். எழுத்தில் இல்லாமல் புத்தகம் கொடுக்காதீர்கள். எத்தனை வருடத்துக்கு, எத்தனை சதவீதம், எந்த மாதம் கணக்கு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் யாருக்கு என்று தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு எழுதுகிறவருக்கு நல்ல துணை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். கால அளவு குறிப்பிடவில்லையென்றால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லையென்றால், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். இதெல்லாம் எனக்கு ஐம்பது வயதில் தெரிந்தது. என் மூன்றாவது புத்தகத்தைப் போட்டவர்கள் மூன்று முறை புரூப் அனுப்பி, ஒவ்வொரு ஒற்றுக்கும் போன் போட்டுக் கேட்டார்கள். அப்படிப்பட்ட பதிப்பாளர்களும் தமிழில் இருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயம் என்று ஒரு கஷ்டம் உண்டு, என் காலத்தில் கண்ணெதிரே நடந்தது. 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகன் விரட்டப்பட்டு, 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அவர் தனக்கு எது நன்றாக வருமோ அதற்கே மீண்டு வரட்டும், எழுதட்டும் என்று தீர்ப்பை முடித்தது. இடையில் கிடந்த ஒன்றரை வருடத்தில் அவர் கவிதைகள் எழுதிக்கொண்டுதான் இருந்தார். அந்த நாட்களில் நான் எழுதி வைத்திருந்த நாவலின் ஓர் அத்தியாயத்தை நானே எடுத்துப் பரணில் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, நானே செய்தேன். அந்த அத்தியாயம் இல்லாமல்தான் நாவல் வந்தது. இன்றுவரை அதை எண்ணி வருந்துகிறேன்.

உறவினர்கள் "எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்பதும், கொடுத்த புத்தகம் நண்பர் வீட்டில் பிரிக்காமலே கிடப்பதும், ஒரு வரி விமர்சனம்கூட வராமல் புத்தகம் போய்ச்சேருவதும் எல்லோருக்கும் நடப்பவைதான். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

எனக்குப் பழகாத ஒரு கஷ்டம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

என் சித்திக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா இறந்த அன்று, அவருக்கு வெளியூரில் இன்னொரு குடும்பம் இருந்தது தெரியவந்தது. ஒரு பெண் பன்னிரண்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் நின்றிருக்கிறாள். ஊர் கொதித்தது. சித்தி மட்டும் எழுந்துபோய்ப் பையனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, "இவனே கொள்ளி வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் நடந்தபோது நான் வேறு மாவட்டத்தில் பயிற்சியில் இருந்தேன். வருடங்கள் கழித்து ஒரு கோடை இரவில், மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, சித்தி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். விடியும்வரை சொன்னார்.

நான் கதையாக எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். நல்ல கதை என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு வந்த இரண்டு பரிசுகளில் ஒன்று அந்தக் கதைக்குத்தான். சித்தியின் அண்ணன் மகள் அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். நான் அவர் வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்தபடியே, "ஒங்கிட்டதான சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?" என்றார். அதன்பின் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு வருடமும் நான் எனக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். எழுதாவிட்டால் அவருடைய பெருந்தன்மை யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் என்றும், இலக்கியம் என்றால் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் எடுபடவில்லை. அவருக்குச் சொந்தமான ஓர் இரவை நான் எடுத்துக்கொண்டுபோய் விற்றிருந்தேன்.

பிறகு குடும்பத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சித்தி பரிமாறிக்கொண்டு வந்தார். என் இலைக்கு முன்னால் நின்றார். அவியலை வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நான் தூணப் பிடிச்சிக்கிட்டு அழுதேன்னு எழுதியிருக்க. நான் எங்கல அழுதேன்? அந்தப் பயலுக்குப் பசிக்குமேன்னு அடுத்த வீட்டுல காப்பி வாங்கிட்டு வரச் சொன்னேன். அத ஒங்கிட்டச் சொன்னேனே."

சொல்லியிருந்தார். மாடியில் அன்றிரவு சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. எழுதும்போது அந்தக் காப்பி சின்ன விஷயமாகப் பட்டது, விட்டுவிட்டேன். கதையின் முடிவுக்கு அழுகை வேண்டியிருந்தது, நானே போட்டேன்.

சாப்பிட முடியவில்லை. பந்தியிலிருந்து பாதியில் எழுந்தால் மரியாதையில்லை என்று உட்கார்ந்திருந்தேன். தபால் ஆபீஸ் திண்ணையில் பாட்டி சொல்லாத வரியை நான் எழுதினேன், "இதத்தான் சொன்னேன்" என்றார். சித்தியின் கதையிலும் அவர் சொல்லாத ஒன்றைத்தான் எழுதினேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பல நாள் யோசித்தேன். பாட்டியின் சிவந்த கண்களை, முந்தானைச் சேற்றைப் பார்த்துவிட்டு எழுதினேன். சித்தியைப் பார்க்காமல் கதையைப் பார்த்து எழுதினேன். கடிதத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். கதையைச் சித்திக்கு வாசித்துக் காட்டவில்லை. துக்க வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக்கூடாது என்பதால் அடுத்த வீட்டில் காப்பி வாங்கிவரச் சொன்ன ஒரு பெண், தன் புருஷனின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த பையனுடைய பசியை நினைத்த ஒரு பெண், அழுகிற பெண்ணைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறார்! அதை நான் கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டேன்.

இரண்டாம் பதிப்பில் அழுகையை எடுத்துவிட்டுக் காப்பியை வைத்தேன். இந்த முறை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் போய், சித்தி பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கதையையும் வாசித்தேன். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. "அந்தப் பய இப்ப கோயம்புத்தூர்ல இருக்கான். தீவாளிக்குப் போன் போடுவான்" என்று மட்டும் சொன்னார். இப்போது சித்தி இல்லை. எழுத வருகிற பிள்ளைகள் யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்லு என்று அவரே சொல்லியிருந்ததால் இங்கே சொல்கிறேன்.

இப்போது உங்கள் நான்காவது கதை. இரண்டு தடவை வாசித்தேன். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துவிட்டு விரலை வேட்டியில் துடைக்கிற இடம், ரசீதை மடித்துச் சுருக்குப்பையில் வைக்காமல் ரவிக்கைக்குள் வைக்கிற இடம் இரண்டும் உங்கள் கவுன்டரில் நின்றவர் மட்டும் எழுதக்கூடியவை. உங்களுக்கு இந்த வேலை வரும், எனக்குச் சந்தேகமில்லை.

ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் கேட்க வேண்டும். மகன் காலேஜ் பீஸ் கட்ட அந்த அம்மா மூக்குத்தியைக் கழற்றித் தருகிறார், அப்போது "அவர் கை நடுங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். நடுங்கியதா? பல வருடம் போட்டிருந்த மூக்குத்தியின் திருகு அவ்வளவு எளிதில் கழலாது. வீட்டிலேயே எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு வந்தாரா, இல்லை உங்கள் கவுன்டர் முன்னாலேயே கழற்றினாரா? கழற்றிய பிறகு மூக்கில் எதையாவது செருகிக்கொண்டாரா? அன்றைக்கு நீங்கள் எதிரில்தானே உட்கார்ந்திருந்தீர்கள். நிதானமாக நினைத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள். திருப்ப வரும் நாளில் அந்த அம்மா மறுபடி உங்களிடம்தானே வருவார்.